டெம்புராவுக்கு ஸ்டார் கிடையாது

கேரட்டை மாவில் முக்கிப் பொரித்தபிறகும் அது காய்கறிதானா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் கணவர் ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒருநாள் கேன்டீனில் போட்ட டெம்புராவை, மாவில் முக்கிப் பொரித்த ஜப்பானியக் காய்களை, டப்பாவில் கொண்டுவந்தார். எந்தக் காயையும் வாயில் வைக்காத எங்கள் நாலு வயது மகள், அன்று பீன்ஸையும் சர்க்கரைவள்ளியையும் கேட்டுக் கேட்டுத் தின்றாள். வீடியோ பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். மைதாவை ஐஸ் தண்ணீரில் அரைகுறையாகக் கலக்கி, காயின் நிறம் தெரிகிற அளவு மெல்லிசாக ஒட்டவிட வேண்டும்.

"ஜப்பான்காரன் பேரு வெச்சா பஜ்ஜில சத்து வந்துடுமா?" என்றார் மாமியார்.

எனக்கும் பயம்தான். மைதாவில் என்ன இருக்கிறது? கொதிக்கிற எண்ணெயில் வைட்டமின் போய்விடாதா? வயதுக்கேற்ற எடை இல்லாத குழந்தை. டாக்டரிடம் கேட்டேன். "எடை ஏறணும்மா, கொஞ்சம் எண்ணெய் சேரட்டும். கூட முட்டை, பருப்பு குடுங்க. முதல்ல அவ சாப்பிடட்டும்" என்றார். எடையும் மெல்ல ஏறியது.

ஸ்கூலில் வெள்ளிக்கிழமை 'ஹெல்தி ஸ்நாக்ஸ்' நாள். மிஸ் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து எல்லோருக்கும் காட்டுவார். நல்லதென்றால் கைதட்டல், கையில் ஒரு ஸ்டார். என் மகளின் டெம்புராவைத் தூக்கி, "இது என்ன குட்டீஸ்?" என்று கேட்டாராம். "ஜங்க்க்!" என்று வகுப்பே கத்தியதாம். அவள் கையாலேயே அதைக் குப்பைத்தொட்டியில் போடவைத்தார்.

போய்ப் பேசினேன். "உள்ள காய்தான் மிஸ். டாக்டர்கூட..."

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் சிப்ஸ் கொண்டு வருவாங்க மேடம். உங்களுக்குப் பொரிச்சுப் போடறது ஈஸியா இருக்கலாம்."

பின்னால் நின்ற இன்னொரு அம்மா சிரித்தார். நான் "சாரி மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளி வெள்ளரிக்காய் வைத்தேன். ஸ்டாரோடு குதித்துக்கொண்டு வந்தாள். டப்பாவில் ஒரு துண்டும் குறையவில்லை.

"சாப்பிடலையா தங்கம்?"

"காட்டினா போதும்மா. ஸ்டார் குடுத்துட்டாங்க."

இப்போது வீட்டிலும் டெம்புராவைத் தொடுவதில்லை. "ஜங்க்" என்று தட்டைத் தள்ளுகிறாள். வேறு காயும் இறங்கவில்லை. "நல்ல ஸ்கூலு, நல்லா சொல்லிக் குடுக்கறாங்க" என்கிறார் மாமியார். ஏறிய எடை இறங்கிவிட்டது. டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "என்னம்மா, குழந்தையை டயட்ல வெச்சிருக்கீங்களா?"

வருட நடுவில் வேறு ஸ்கூலில் இடம் இல்லை. மிஸ் சொன்னது தப்பு என்று இவளிடம் சொன்னால், நாளைக்கு அந்த வகுப்பில் எப்படி உட்காருவாள்? சொல்லாவிட்டால் எப்படிச் சாப்பிடுவாள்? இப்படிச் சாப்பாட்டை ஒதுக்கிய குழந்தையை மறுபடி சாப்பிடவைத்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் குழந்தையிடம் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.