பெயர் மட்டும் இருந்த வரி

மூன்று வருடத்துக்கு முன்பு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கடத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நடந்தது இது. உயிரோடு இருக்கும் ஒரு மனிதனை, கையில் மைக் வைத்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு முன்னால் நான் சாகடித்தேன். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் டைப் செய்து தருவேன். அதைவிட எனக்குப் பெருமை என் குரல். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோயிலிலும் பைபிள் வாசகம் வாசிக்க யாராவது வரவில்லையென்றால் நான் முதல் ஆளாகப் போய் நின்றுவிடுவேன். "உங்க குரல கேக்கலைன்னா ஆண்டவருக்கே அந்த வாரம் தூக்கம் வராது பாருங்க" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லட்டுமா? பக்தி பாதி. அந்த மைக் பாதி.

எங்கள் கோயில்களில் திருப்பலி தொடங்குவதற்கு முன்னால், அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பெயர்களை வாசிப்பார்கள். பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு நீள நோட்டு கிடக்கும். வேண்டுகிறவர்கள் அதில் எழுதி வைப்பார்கள். இறந்துபோன இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாருக்கு உடல்நலம் கிடைக்க, குழந்தை பிறந்ததற்கு நன்றியாக, இப்படி. அதைப் பல வருடமாக வாசித்து வந்தவர், பங்குத்தந்தைக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் எங்கள் உபதேசியார். அந்த வாரம் அவருக்குக் கண் புரை ஆபரேஷன். நோட்டு என் கைக்கு வந்தது. "கையெழுத்து கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். சந்தேகம் வந்தா ஒரு போன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

எனக்கா சந்தேகம்? நோட்டைக் கடைக்கே எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் டைப் செய்து, இறந்தவர்கள் ஒரு பக்கம், இருப்பவர்கள் ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்தேன். நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் மாதம். அதனால் நோட்டு முழுக்க இறந்தவர்கள் பெயர்கள்தான். நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் ஒரு ஆண் பெயர், வேறொன்றும் இல்லை. எதற்காக என்றும் இல்லை, யார் கொடுத்தது என்றும் இல்லை. மேலேயும் கீழேயும் இறந்தவர்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும், எழுத மறந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்து, அந்தப் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன். போன் பக்கத்திலேயேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். சும்மா வாசிக்கவில்லை, ஒவ்வொரு பெயருக்கும் குரலைத் தாழ்த்தி, இழுத்து, நிறுத்தி வாசித்தேன். பாதியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனார். என் குரல் அவரை உருக்கிவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஒரு மிதப்பு அப்போது.

பூசை முடிந்ததும் முன்வாசலில் போய் நின்றேன். யாராவது நன்றாக இருந்தது என்று சொல்வார்கள் என்று ஒரு ஆசை. கூட்டம் கலைந்தது. படியோரம் ஒரு ஜோடி செருப்பு மட்டும் மிச்சம் இருந்தது. நீல வார், ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. யாருடையதோ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பீடத்துக்குப் பூ வைக்கிற அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

"ஏன் தம்பி, அந்தப் பையன் எப்பச் செத்தான்? பெங்களூர்ல நல்லாத்தான இருந்தான்?"

"எந்தப் பையன்க்கா?"

அவர் அந்தப் பெயரைச் சொன்னார். நான் 'மறைந்த' சேர்த்த அதே பெயர். "அவங்கம்மா செருப்புதான் அது. பாவம், வெறுங்காலோட ஓடிருச்சு" என்றார்.

உடனே உபதேசியாருக்குப் போன் செய்தேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்த மனிதர். விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். "அது உசுரோட இருக்கிற பேருங்க. ஆறு வருசமா வாராவாரம் நான் படிக்கிறேன்." ஞாயிறு தவறாமல் போன நான், அடுத்தவர் வாசிக்கும் அந்தப் பட்டியலை ஒரு தடவைகூடக் காதில் வாங்கியதில்லை. பையன் வேறு சமூகத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டானாம். அவன் அப்பா, 'எனக்கு மகனே இல்ல, தலை முழுகிட்டேன்' என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து கோயில் பக்கமும் வருவதில்லையாம். "நான் மன்னிப்புக் கேட்டு ஒரு போன் போட்டுடறேங்க" என்றேன். "போன் எல்லாம் வேணாம். அந்தம்மா செருப்ப எடுத்துட்டு நேரா வூட்டுக்குப் போங்க" என்றார்.

செருப்பை ஒரு மஞ்சப்பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மூன்று கிலோமீட்டர் இருக்கும். முந்தின நாள் மழையில் பாதை பெயர்ந்து ஜல்லியெல்லாம் மேலே வந்திருந்தது. இதில் அந்த அம்மா வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார் என்று நினைத்தபோது, என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த அப்பா கையில் அரிவாளோடு நின்றால் என்ன செய்வது என்ற பயமும் இல்லாமல் இல்லை.

குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு. வாசலில் அந்த அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குதிகாலில் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் துண்டோடு, வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். வண்டியை நிறுத்தி நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். காய்த்துப்போன கை.

"நீங்கதான படிச்சது? அந்தப் பேர குடுத்தது யாருங்க? நானா? இவகிட்டச் சொல்லுங்க, நானா குடுத்தேன்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மா காலையிலிருந்து தன் கணவரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். வாயால் தலை முழுகினது போதாது என்று கோயிலில் கொண்டுபோய்ச் செத்தவன் என்றே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். ஒரு குடும்பத்தில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் ஒற்றை வார்த்தையில் நான் அறுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஐயா குடுக்கலம்மா. யாருமே குடுக்கல. நோட்டுல பேரு மட்டும் இருந்துச்சு. நவம்பர் மாசம்னு நானாத்தான் அப்படிப் போட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னுதுதாங்க" என்றேன். குரல் எழும்பவே இல்லை. அத்தனை பெருமைப்பட்ட குரல்.

பெரியவர் என் கையை விட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? நான் குடுக்கல" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, தன் மகன் பெயரைச் சொன்னார். முழுப்பெயர் இல்லை, வீட்டில் கூப்பிடுகிற சின்னப் பெயர். சொல்லிவிட்டு, "அவன் நல்லா இருக்கான்ங்க. உசுரோட இருக்கான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டார்.

அந்த அம்மா அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மஞ்சப்பையிலிருந்து செருப்பை எடுத்து அவர் காலருகில் வைத்தேன். "அய்யய்ய, நீங்க எதுக்கு தம்பி செருப்பெல்லாம் தூக்கிக்கிட்டு" என்று பதறினார். அப்புறம், இத்தனைக்கும் காரணமான எனக்கு, உள்ளே போய்க் காப்பி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

காப்பியைக் குடிக்கும்போது கேட்டேன். "நோட்டுல ஏங்கம்மா பேரு மட்டும் எழுதறீங்க?"

"என்னான்னு எழுதறது தம்பி? நல்லா இருக்கணும்னா, திரும்பி வரணும்னா, அப்பன் மனசு மாறணும்னா? பேர எழுதினா போதாதா, மத்தது ஆண்டவருக்குத் தெரியும்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் அவராகவே மேலே சொன்னார். "ஜெபம் வூட்லயே பண்ணிக்கலாம். ஆனா இந்த வூட்ல அவன் பேர யாரும் சொல்லக்கூடாதுன்னு ஆயிப்போச்சு. மனசுக்குள்ளயே சொல்லிச் சொல்லி, ஒரு நாளு அது சத்தம் எப்படி இருக்கும்னே மறந்துருமோன்னு பயம் எனக்கு. ஞாயித்துக்கெழம கோயில்ல ஒருத்தரு மைக்ல அத சத்தமா சொல்லுவாரு. அதக் காதால கேட்டுட்டா அந்த வாரத்த ஓட்டிருவேன். அதுக்குத்தான் நான் பூசைக்கு வர்றது. பிரசங்கம் பாதி எனக்கு வெளங்காது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்குக்காகக் கோயிலுக்குப் போன ஆள் நான். அவரும் அதே மைக்குக்காகத்தான் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி" என்று சிரித்தார். "ஆறு வருசம் கழிச்சு இன்னிக்கித்தான் அவரு வாயில அந்தப் பேரு வந்துச்சு. அதுவும் செல்லமா."

அடுத்த வாரம் மைக் பக்கமே போகக்கூடாது என்று இருந்தேன். பங்குத்தந்தையிடமும் சொன்னேன். நடந்ததை அவரும் கேள்விப்பட்டிருந்தார். "தப்பா வாசிச்சவரே சரியா வாசிங்க" என்று நோட்டை நீட்டிவிட்டார். வேறு வழியில்லை. மைக் முன்னால் போய் நின்றேன். முதலில், போன வாரம் தவறு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு அந்தப் பெயரை முதல் பெயராக வாசித்தேன். இழுக்கவில்லை, தாழ்த்தவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி, தெளிவாக, ஒரே தடவை. "இவர் நலமோடு வாழ" என்றேன்.

அந்த அம்மா வழக்கமான இடத்தில், பக்கவாசல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே ஒரு பழைய மொபெட் நின்றது. அதன்மேல் அவர் கணவர். மனைவிக்குக் கால் புண் ஆறவில்லை என்று கொண்டுவந்து விட்டாராம். விட்டதும் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மகன் பெயர் வெளி ஸ்பீக்கரில் கேட்டதும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பூசை முடியும் வரை அதைத் திரும்பக் கட்டவே இல்லை.

அதன்பிறகு புண் ஆறியும் அந்த அம்மா நடந்து வரவில்லை. வாராவாரம் மொபெட்தான். அவர் கணவர் பூசைக்கு உள்ளே வருவதில்லை. கோயில் வாசல் நாவல் மரத்தடியில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார், பெயர் வாசிக்கும்போது துண்டை அவிழ்ப்பார். உபதேசியார் கண் தேறி வந்த பிறகும், "இந்தப் பட்டியல நீங்களே வாசிங்க, பயத்தோட வாசிக்கிற ஆளுதான் இதுக்குச் சரி" என்று எனக்கே விட்டுவிட்டார்.

மகன் இன்னும் ஊருக்கு வரவில்லை. வந்துவிட்டான் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடக்காததை எழுத முடியாது. இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்தபோது ஒன்று பார்த்தேன். அந்த அம்மாவின் கோணல்மாணல் எழுத்தில் வழக்கம்போல் மகனின் பெயர். அதன் பக்கத்தில், வேறு கையெழுத்தில், பேனாவை அழுத்தி அழுத்தி எழுதிய ஒரு பெண் பெயர். வேறொன்றும் இல்லை, பெயர் மட்டும். இந்த முறை நான் எதையும் நானாக முடிவு செய்யவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போய் நோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"மருமவ பேரு தம்பி" என்றார். "அவரு எழுதுனது. சேத்துப் படிச்சிருங்க."

சேர்த்து வாசித்தேன். அன்றைக்கு என் குரல் நன்றாகவே இல்லை என்று மனைவி சொன்னாள்.

அந்த இரண்டு பெயர்களையும் நான் இங்கே எழுதவில்லை, அவை அந்த வீட்டுக்காரர்களின் காதுக்கு உரியவை. ஆனால் இப்போதெல்லாம் எந்த ஞாயிறு நோட்டைத் திறந்தாலும், இதில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தடவை சத்தமாகக் கேட்பதற்காகவே யாரோ ஒருவர் இந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த ஒருவரை ஏமாற்றாமல் வாசித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நான் இன்று பூசைக்குப் போகிறேன்.