தண்டவாளப் பக்கம்

மெல்போர்னிலிருந்து வெகுதூரம் வந்து, மூடிக்கிடக்கும் ஒரு ரயில் நிலையத்தில் நிற்கிறேன். கருங்கல் சுவர், பூவேலை செய்த இரும்புத் தாங்கிகளின்மேல் தகரக் கூரை, பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறை. எல்லாக் கதவுகளிலும் பலகை அடித்திருக்கிறார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் முழங்கால் உயரம் புல்.

நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, இறைச்சித் தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர் வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, ஒரு போட்டோ எடுங்கோ. மனிசிக்கு அனுப்போணும். ரயிலில வந்து இதிலதான் இறங்குவாய் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"உங்க மனைவி எப்ப வர்றாங்க?"

"விசாவைத் திரும்பவும் மறுத்திட்டாங்கள். அவவுக்கு இன்னும் சொல்லேல்ல."

கூரையும் படத்தில் விழட்டும் என்று போனைப் பிடித்தபடி பின்னால் நகர்கிறேன்.

"தண்டவாளப் பக்கம் எடுக்காதேங்கோ தம்பி," என்கிறார். "புல்லுத் தெரியும்."