யன்னலின் மேல்பாதி

மகளின் ஜூடோ வகுப்பில் இன்று புது ரப்பர் பாயின் மணம் மூக்கில் ஏறியதும், பீல் நகரில் இடித்துவிட்ட அந்தப் பழைய மணிக்கூட்டுத் தொழிற்சாலைக் கூடம் நினைவில் விரிந்தது. அங்கேதான் சின்ன வயதில் நாங்கள் இருவரும் உதையும் பிடியும் கலந்த சண்டைக்கலை பழகினோம். தங்கச்சி நின்றபடி உதைப்பாள். நான் அவளைப் பாயில் விழுத்தி, அவள் தோல்வியை ஒத்துக்கொண்டு கையால் தட்டும்வரை அமுக்கிப் பிடித்திருப்பேன். வெல்வது எப்போதும் நான்தான். அப்பா சப்பாத்தைக் கழற்றப் பஞ்சிப்பட்டு, சைக்கிளோடு வெளியே நின்று யன்னலால் பார்ப்பார். யன்னலின் கீழ்ப்பாதிக்கு வெள்ளைப் பெயின்ட் பூசியிருந்தது.

"சின்னவள் என்ன உயரத்துக்குக் காலைத் தூக்கிறாள்!" என்பார், வீடுவரை. பிறகு என்னிடம், "நீ எங்க நிண்டனீ? உன்னைக் காணேல்லையே."

நான் விறுவிறென்று முன்னால் நடப்பேன். தங்கச்சியோ, கழுத்தில் என் பிடி பதித்த சிவப்பைக் கொலருக்குள் மறைத்துக்கொண்டு வருவாள்.