பக்கத்து இருக்கைக்காரர்

சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசையை ஒட்ட வெட்டியிருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களின் கைகளையே கவனித்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

பத்தமடை தாண்டியதும் பேருந்தின் டயர் வெடித்தது. மறுநொடி என்னைக் கீழே தள்ளி, என்மேல் கவிழ்ந்துகொண்டார்.

பேருந்து நின்றது. சிலர் சிரித்தார்கள். அவர் எழுந்து, என் சட்டையைத் தட்டிவிட்டார்.

"மன்னிச்சிருங்க தம்பி. ஊருக்கு வந்து வருசமாச்சு. சத்தம் கேட்டா இன்னும் சண்டையிலதான் நிக்கேன்."

"நீங்க ஒளியலையே அண்ணாச்சி, என்னையல்லா மறைச்சிய" என்றேன்.

அவர் கைகொடுத்து என்னை மறுபடி இருக்கையில் உட்கார வைத்தார்.

குண்டு என்று நம்பிய அந்த நொடியில், பெயர்கூடத் தெரியாத எனக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் அவர். என் ஆயுளில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.