பந்தியில் வராத ரசம்

கிரிவலப் பாதையில் எங்கள் சமூகத்தாருக்குச் சொந்தமான பழைய சத்திரம் ஒன்று இருக்கிறது. அதைப் பழுதுபார்க்கும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். கூடத்து உத்திரத்தின் ஒரு முனை சுவருக்குள் மக்கிப்போயிருந்தது. மேஸ்திரி அடியில் மூன்று சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்துவிட்டு, "சார், புது உத்திரம் வர்ற வரைக்கும் இதுங்கள மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிப் போயிருந்தார்.

பௌர்ணமி வந்தது. அன்னதானத்தை நிறுத்தலாம் என்றேன், ஒருவரும் சம்மதிக்கவில்லை. நடுக்கம்பு பந்தி வரிசையை மறித்துக்கொண்டு நின்றது. சாம்பார் வாளியோடு போகிறவர் இடித்துக்கொள்வாரே என்று, ஆட்கள் வருவதற்கு முன் நானே அதைத் தட்டி எடுத்துவிட்டேன். மீதி இரண்டு இருக்கிறதே, ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். புத்தி கெட்டவன்.

சாம்பார் சோறு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவரின் இலையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. நிமிர்ந்தேன். உத்திரம் சுவரை விட்டு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கூடம் நிறைய ஆட்கள். இரண்டாவது வரிசையில் என் மனைவி பொரியல் வைத்துக்கொண்டிருந்தாள். கத்தினால் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள், ஓடுகிற வேகத்தில் மற்ற கம்புகளையும் தள்ளிவிடுவார்கள். கத்தாமல் விட்டால்?

மோர் வந்துவிட்டால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். கொல்லைச் சமையற்கட்டுக்கு ஓடி மோர் வாளியைத் தூக்கிவந்து, உத்திரத்துக்கு அடியில் இருந்தவர்களிடமிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். அவசரத்தில் பாதி மோர் தரையில் போனது.

"இன்னாங்க, ரசமே வர்ல, அதுக்குள்ள மோரா?" என்றார் அந்தப் பெரியவர்.

"ரசம் காலிங்க. அடுத்த பந்தி காத்துனு இருக்கு, சீக்கிரம் முடிங்க."

"சோறு போடக் கூப்ட்டுட்டு வெரட்றீங்களே."

திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். கடைசியாக என் மனைவி வெளியே வந்ததும் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"அண்டா நெறைய ரசம் கீது. ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே உத்திரம் விழுந்தது. கதவு என் முதுகில் அதிர்ந்தது.

சமயத்தில் புத்தியாக நடந்துகொண்டேன் என்று ஊரே புகழ்ந்தது. நடுக்கம்பை எடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புது உத்திரம் ஏறிய பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கு அந்தப் பெரியவர் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்காவது ரசம் உண்டா?"

ஊற்றினேன். குனிந்து அவரிடம் மட்டும், "அன்னிக்கு முட்டுக் கம்ப எடுத்தது நான்தாங்க" என்றேன்.

அவர் மேலே ஒரு முறை பார்த்தார். பிறகு உத்திரத்துக்கு அடியிலிருந்து இலையைச் சற்று விலக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.