ஆறு தென்னை மரங்கள்

பன்னிரண்டு வயதிலேயே நான் இரண்டு களங்களில் பெயர் பெற்றிருந்தேன். இதைத் தற்பெருமையாக எவரும் கொள்ள வேண்டாம்; வெறும் தகவலாகவே தருகிறேன். ஒன்று, பாடசாலை விவாத மேடை. மற்றொன்று, சித்தப்பாவின் கணினி.

போர்க்காலத் திருகோணமலையில் எங்கள் வீட்டுக்கு இணையம் எட்டவில்லை. ஆனால் கொழும்பில் ஓர் ஆர்வலர் தம் கணினியைத் தொலைபேசியோடு பொருத்தி வைத்திருந்தார். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒருவர் பின் ஒருவராக அதனை அழைத்து, தாம் எழுதிய நிரல்களை அங்கே வைப்பார்கள். பிறர் வைத்தவற்றை எடுத்துக்கொள்வார்கள். அங்கே சட்டம் ஒன்றே: கொடுத்தவருக்கே கிடைக்கும். சித்தப்பாவிடம் கொடுக்க எதுவும் எஞ்சாத நாளில், நான் கொடுத்தேன்.

அது ஒரு விளையாட்டு. மீன்பிடி வள்ளம் ஒன்று பாறைகளில் முட்டாமல் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். கரையை நான் கண்டபடியே வரைந்தேன்: வெளிச்சவீடு, இறங்குதுறை, சீனன்குடாப் பக்கத்தில் படையினர் காவல் நின்ற ஆறு பெரிய எண்ணெய்த் தாங்கிகள். கீழே என் முழுப் பெயரும் வீட்டு முகவரியும். சித்தப்பா அனுப்பிவைத்தார்.

ஒரு கிழமைக்குள் பாராட்டுகள் வந்தன. “ஐயா, அருமை! தென்னை மரங்கள் மிக அழகு.”

ஐயாவா? தென்னையா? அனுப்பிய பிரதியைத் திறந்தேன். என் பெயரும் முகவரியும் இருந்த இடத்தில் சித்தப்பாவின் பெயர் மட்டும். தாங்கிகள் நின்ற இடத்தில் ஆறு தென்னை மரங்கள்.

“என்ர பேர் எங்க, சித்தப்பா?”

“பேர் நீளம், பிள்ளை. இடம் காணேல்லை.”

“தாங்கிகள்?”

“தென்னை வடிவாத்தானே கிடக்கு.”

மதிய உணவின்போது, உழைப்பைத் திருடுவோர் குறித்து ஆறு நிமிடம் உரையாற்றினேன். “நீதவான் அம்மா, சோறு ஆறுது,” என்றார் அம்மா. சித்தப்பா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நீதி கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை இராணுவம் வீடுவீடாகச் சோதனையிட்டு வந்தது. தொலைபேசி வயர் கணினிக்குள் போவதைக் கண்ட அதிகாரி, அது எதற்கென்று தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார். சித்தப்பா விளையாட்டைக் காட்டினார். அதிகாரி கதிரையில் அமர்ந்து மூன்று முறை வள்ளத்தைப் பாறையில் மோதினார்.

“யார் செய்தது?”

“நான்தான், சேர்.”

என் பொறுமை அவ்விடத்தில் முடிந்தது. மேடையில் எழுவதுபோல் எழுந்தேன்.

“பொய்! நான்தான் செய்தனான். இவர் மரம் மட்டும்தான் வைச்சவர்.”

அதிகாரி திரும்பினார். “மரத்துக்கு முதல் அந்த இடத்தில என்ன இருந்தது, தங்கச்சி?”

அதைவிட எளிய கேள்வியை எந்த நடுவரும் என்னிடம் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன்.

“பனை, சேர்,” என்றார் சித்தப்பா. “ஆறு பனை. இவவுக்குப் பனைதான் விருப்பம். இஞ்ச தென்னைதானே கூட எண்டு நான் மாத்தினனான். அதுக்குத்தான் ஒரு கிழமையாச் சண்டை பிடிக்கிறா.”

இத்தகைய பச்சைப் பொய்யை எந்த எதிரணியிடமிருந்தும் நான் கேட்டதில்லை. மறுப்புரையைத் தொடங்குமுன், குசினியிலிருந்து வந்த அம்மாவின் தேங்காய்ப்பூ ஒட்டிய கை என் வாயைப் பொத்தியது. அதிகாரி சிரித்தார். “பனையும் நல்லம், தங்கச்சி,” என்று எழுந்து போனார்.

சித்தப்பா அந்தக் கதிரையிலேயே அமர்ந்து தண்ணீர் கேட்டார். பாதி சட்டையில் சிந்தியது. விடுபட்ட வாயோடு அவர் முன் நின்று, அவை பனைகள் அல்ல, ஆறு எண்ணெய்த் தாங்கிகளே என்பதைச் சான்றுகளோடு நிறுவினேன்.

“ஓம், பிள்ளை,” என்றார். “நீ வெண்டிட்டாய்.”

எதிரணி அவ்வளவு விரைவில் பணிந்தது அதுவே முதல் தடவை.  என் வாதத்தின் வன்மையைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.