மச்சாள் சொன்ன ஓம்

ஒரு நாள் காலையில் அம்மா எழுந்து வந்து பார்த்தபோது புத்தர் இடம் மாறியிருந்தார். ஜெர்மனியின் எசன் நகரில், அண்ணையின் வீட்டு வரவேற்பறையில், ஜன்னலுக்கு எதிரே உயரமான ஒரு தட்டில்தான் அதுவரை அவர் இருந்தார். அண்ணையின் மனைவி தினமும் அவருக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் ஏதாவது ஒரு பூவும் வைப்பார். அன்று பார்த்தால் தட்டு, புத்தர், கிண்ணம் எல்லாம் கதவுப் பக்கச் சுவருக்குப் போயிருந்தன. பழைய இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. "ஏன் பிள்ளை இதை மாத்தினனீ?" என்று அம்மா கேட்டார். "ஷோன், மே, ஷோன்" என்றார் அவர். அழகாக இருக்கிறதாம், ஜெர்மனில்; 'மே' என்றால் அவருடைய மொழியில் அம்மா. காரணம் அதுவல்ல என்பது எங்களுக்கு விளங்கப் பல மாதங்கள் சென்றன. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட அம்மா, பகல் முழுக்க சோபாவில் காலை நீட்டியபடியே இருப்பார். அந்தக் கால் நேரே புத்தரைப் பார்த்திருந்தது. தாய்லாந்து வீடுகளில் அது பெரும் குற்றம். ஆனால் வயதான, நோவில் இருக்கும் ஒருவரிடம் காலை அந்தப் பக்கம் நீட்டாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அம்மாவிடம் ஒரு சொல் சொல்வதைவிடப் புத்தரைத் தூக்கிச் சுமப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

அண்ணனின் மனைவியை நாங்கள் மச்சாள் என்போம். அவரையும் நான் அப்படித்தான் அழைத்தேன். அண்ணை எசனில் பேருந்து ஓட்டுபவர். நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் சரிவராமல் இருந்தவர். மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். ஆசியக் கடையில், பச்சை மிளகாய்ப் பெட்டிக்கு முன்னால் இருவரும் பழகினார்கள் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. செய்தி கேட்டபோது அம்மா, "தாய்லாந்து. பேரிலையாவது தாய் கிடக்கு" என்றார். பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. பிறகு இடுப்பு முறிந்தது. என் வீடு மின்தூக்கி இல்லாத தொடர்மாடியின் மேல்தளத்தில் இருந்தது. அண்ணையின் வீடு நிலத்தோடு இருந்தது. கல்யாணத்துக்கு வர மறுத்த வீட்டுக்கே அம்மா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

முதல் வாரங்களில் அம்மா என்னிடம் தொலைபேசியில் சொன்னதெல்லாம் முறைப்பாடு. அவர்களுடைய மீன்சாறு மணக்கிறது. கேட்டதற்கெல்லாம் அவள் சிரிக்கிறாள், மறுபேச்சு இல்லை. பேசாத ஆளை எப்படி நம்புவது? பிறகு ஒரு நாள், "உவள் பிள்ளை கையாலைதான் சாப்பிடுறாள்" என்றார். மச்சாள் தன் ஊர் ஒட்டும் அரிசியைக் கூடையில் ஆவியில் அவித்து, விரல்களால் உருட்டிச் சாப்பிடுவதை அன்றுதான் அம்மா கவனித்திருந்தார். அதன் பின் அந்தத் தட்டில் புத்தருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய உருவத்துக்குத் தும்பிக்கை இருப்பதையும் கண்டார். "பிள்ளையாரடி!" என்று எனக்கு அழைத்துச் சொன்ன குரலில், ஊரில் தொலைந்த உறவினரைத் துறைமுகத்தில் கண்ட மகிழ்ச்சி இருந்தது. ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்குத் தாய் மொழி தெரியாது; இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஜெர்மனை வைத்துக்கொண்டு குசினியை ஆண்டார்கள். மச்சாள் தன் வழக்கப்படி அண்ணையை "பீ" என்றுதான் கூப்பிடுவார். அவர்களுடைய மொழியில் அது மூத்தவரை அழைக்கும் மரியாதைச் சொல். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோயில் வாசலில் அவர் அப்படிக் கூப்பிட்டபோது எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று பின்னேரமே அம்மா அவரை அருகில் இருத்தி, எங்கள் பெண்கள் கணவரைக் கூப்பிடும் "இஞ்சாருங்கோ" என்ற சொல்லைப் பழக்கினார்.

மச்சாள் எல்லாவற்றுக்கும் முதல் பழகிய தமிழ்ச் சொல் "ஓம்", எங்கள் பேச்சில் ஆம் என்பதற்கான சொல். அந்தச் சொல்லில்தான் பின்னர் வினை பிடித்தது. என் மகளின் பிறந்தநாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடுவதாக இருந்தோம். மச்சாள் செய்யும் ரோல்ஸை எங்கள் வீட்டில் சாப்பிட்டிருந்த என் மாமியார், ஆசையாகத்தான் கேட்டார்.

"பிள்ளை, பிறந்தநாளுக்கு வாற எல்லாருக்கும் உம்மடை கையாலை ரோல்ஸ் செய்துதர ஏலுமோ?"

"ஓம், ஓம்" என்றார் மச்சாள், சிரித்தபடி.

அந்த மாதம் முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை. அவர் ஓய்வு நாளிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவைக் குளிக்க வார்ப்பதும் அவர்தான். ஒரு மண்டபத்துக்கு வேண்டிய ரோல்ஸைத் தனி ஆளாகச் சுற்ற முடியாது என்பது, யோசித்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எவரும் யோசிக்கவில்லை. அவர் ஓம் சொல்லிவிட்டார் அல்லவா? விழா நாளில் இரண்டு தட்டுக்களோடு வந்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கே அது போதவில்லை. வெறும் தட்டைப் பார்த்து என் மாமியார் முகம் சுளித்ததை அண்ணை கண்டார். தங்கையின் புகுந்த வீட்டாருக்கு முன்னால் தலைகுனிவு என்று நினைத்திருப்பார். மண்டபத்தின் நடுவில் நின்று, மச்சாளைப் பார்த்துக் கத்தினார். "ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்ல உமக்கு வாயில்லையோ?"

எங்கள் வீடுகளில் சத்தம் புதிதல்ல. நாங்கள் ஏசுவோம், அழுவோம், அரை மணி நேரத்தில் ஒன்றாகத் தேநீர் குடிப்போம். அண்ணையும் கத்தி முடித்ததும் மறந்துவிட்டார். மச்சாள் சிரித்தார். மிச்சமிருந்த சாப்பாட்டை எல்லோருக்கும் பரிமாறினார், தட்டுக்களைக் கழுவினார், மாமியாரைக் கைகூப்பி வழியனுப்பினார். ஒரு குறையுமில்லை என்றே நானும் எண்ணினேன். நடைவண்டியில் சாய்ந்து நின்ற அம்மா மட்டும் என் காதில் சொன்னார்: "அவள் சிரிச்சதைப் பாத்தனியோ? அது சிரிப்பில்லையடி."

மறுநாள் மச்சாள் ஒரு சின்னப் பையோடு ஆஹெனுக்குப் போய்விட்டார். அங்கே இருக்கும் தங்கைக்குச் சுகமில்லை, சில நாள் நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அண்ணை நம்பினார்; தொடர்வண்டி நிலையத்துக்கு அவரே கொண்டுபோய் விட்டார். சில நாட்கள் வாரங்களாயின. அண்ணை அழைக்கும் போதெல்லாம் மச்சாள் தொலைபேசியை எடுத்தார், இதமாகப் பேசினார். கோபமா என்று கேட்டால் இல்லை என்றார். எப்போது வருவீர் என்று கேட்டால் "ஓம்" என்றார். அண்ணை என்னிடம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "சண்டை பிடிச்சாளெண்டால் சமாதானம் சொல்லலாம். பிடிக்கிறாளில்லையே." அதுதான் முதல் தடவையாக அவர் பயந்து நான் கண்டது.

ஒரு சனிக்கிழமை அம்மா வெளிக்கிட்டு நின்றார். அண்ணையை வரவேண்டாம் என்றார். நானும் அவரும் நடைவண்டியோடு தொடர்வண்டி ஏறி ஆஹெனில் இறங்கி, மாணவர்கள் நிறைந்த பேருந்தில் இடம்பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்தது சுகமில்லாத தங்கை. ஓட்டப்பயிற்சிக்குப் போய் வந்த உடுப்போடு, கன்னம் சிவந்து, வலு சுகமாக நின்றார். நான் வாய் திறக்குமுன் அம்மா என் கையில் கிள்ளினார். பிறகு அந்தத் தங்கையைப் பார்த்து, "இப்ப எப்பிடி? சுகமோ?" என்று கேட்டார். நான் அதை ஜெர்மனில் சொன்னேன். தங்கை வெட்கத்தோடு தலையாட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற மச்சாளின் கண் கலங்கியது. பொய்யைப் பொய்யென்று காட்டாமல் விட்டதுதான் அன்று அம்மா அவருக்குச் செய்த முதல் மரியாதை என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சாப்பாடுதான். மீன், கீரை, இடித்த பப்பாசிக்காய், மறுபடியும் மீன். வந்த காரியத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பொறுக்க முடியாமல் நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அங்கே தங்கையின் கணவர் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஜெர்மன்காரர், பல்கலைக்கழகத்தில் பொறியியலாளர். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்: "கோபமா என்று அவர்களிடம் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நானும் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் உட்காரவைத்துக் கேட்டுத் தெளிவாக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமானது. உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்ற நினைப்பில்தான் அவர்கள் முடியாது என்று சொல்வதில்லை. அதற்கு அவர்களிடம் ஒரு சொல்லே இருக்கிறது. அதை மொழிபெயர்க்க நான் முயல்வதை விட்டுவிட்டேன். நீங்கள் வந்திருக்கிறீர்கள். சாப்பிடுங்கள். அது போதும்."

திரும்பி வந்து பார்த்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். மச்சாள் கீழே இருந்து அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர்தான் வெட்டிவிடுவார். அவர் போன பிறகு அம்மா என்னை வெட்ட விடவேயில்லை. வெளிக்கிடும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "வருசப்பிறப்பு வருகுது, பிள்ளை. எனக்குக் கண் தெரியேல்லை, பலகாரம் சுட ஏலாது." மச்சாள் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஓம் என்று சொல்லவில்லை. நான் அதை நினைத்து வழிநெடுகக் கவலைப்பட்டேன். "அவள் வருவாள்" என்றார் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "இந்தமுறை யோசிக்கிறாள்."

எங்கள் வருசப்பிறப்பும் அவர்களுடையதும் சித்திரையில் ஒன்றாகவே வரும். முதல்நாளே மச்சாள் வந்துவிட்டார். போன சமயத்தைவிடப் பெரிய பை. அண்ணை அவருக்கு எதிரே நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். அம்மா அண்ணையைக் கடைக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் விருந்துக்கு அதே சனம் வந்தது, என் மாமியார் உட்பட. எல்லோருக்கும் முன்னால் ஏசியதற்கு எல்லோருக்கும் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அண்ணைக்கு நான்தான் சொல்லியிருந்தேன். நியாயமான யோசனை என்றே பட்டது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ" என்றார். மச்சாளின் முகத்தில் மண்டபத்தில் கண்ட அதே சிரிப்பு வந்து உறைந்தது. இன்னொரு முறை சபை நடுவில் நிறுத்தப்படப் போகிறோம் என்ற பயம் அது.

"டேய், கதை பிறகு" என்றார் அம்மா. "பிள்ளை குசினியிலை தனிய நிண்டு மாயுறாள். தட்டைத் தூக்கு."

அண்ணை தட்டைத் தூக்கினார். அவருடைய வயதுக்கு, சபையில் அவர் பரிமாறி ஒருவரும் கண்டதில்லை. மச்சாள் குசினி வாசலில் நின்று, "இது அங்கை, இது மாமிக்கு" என்று சொல்லச் சொல்ல அவர் ஓடி ஓடி வைத்தார். ஒவ்வொருவருக்கும் வைக்கும்போது, "இது அவ செய்தது, விடியத் தொடங்கினவ" என்றார். என் மாமியார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பரிமாறி முடிந்ததும் அண்ணையின் நெற்றி வியர்வையைப் பார்த்து மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது சிரிப்புத்தான். மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் அன்றும் ஒருவரும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

தாய்லாந்துக் குடும்பத்தில் சம்பந்தம் செய்யும் வெள்ளைக்காரருக்குச் சொல்லப்படும் புத்திமதிகளை இப்போது இணையத்தில் பார்க்கிறேன். செருப்பைக் கழற்றுங்கள், காலை நீட்டாதீர்கள், பெற்றோரை மதியுங்கள். படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். இதெல்லாம் எங்களுக்குப் பிறப்பிலேயே தெரியும். தெரியும் என்று நினைத்ததுதான் எங்களுக்கு வந்த கேடு. சோறும் பிள்ளையாரும் ஒன்றாக இருந்ததால் மௌனமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிட்டோம். யாராவது என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: ஏலுமோ என்று கேட்காதீர்கள், ஓம் என்ற பதிலைத் தவிர வேறு வழியை அந்தக் கேள்வி அவர்களுக்கு வைப்பதில்லை. உங்களுக்கு எத்தனை கை வேண்டும் என்று கேளுங்கள். அல்லது கேட்காமலே பக்கத்தில் போய் நில்லுங்கள்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. கடைசி வரைக்கும் மச்சாளின் கையால்தான் சாப்பிட்டார். இந்த வருடத் தொடக்கத்தில் மச்சாளின் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்தது. ஊருக்குப் போகவேண்டும் என்று மச்சாள் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ஆனால் குளிர்ப்பெட்டியை வெறுமையாக்கிக் கழுவுவதையும், பெரிய பெட்டியைத் தூசு தட்டி வைப்பதையும் அண்ணை கண்டார். "எப்ப வெளிக்கிடுவம்?" என்று மட்டும் கேட்டார். பேருந்து வேலையில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். விமான நிலையத்தில் அண்ணையின் முகம் முதன்முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் முகம் போல இருந்தது. "அங்கை எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் அந்த வீட்டிலை என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காணொளியில் அழைத்தேன். மரவீட்டின் நிழலில், பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் மெலிந்த முதியவர் ஒருவருக்குப் பக்கத்தில், அண்ணை சம்மணமிட்டு இருந்தார். காலை நன்றாக மடக்கி உள்ளே இழுத்திருந்தார். ஒரு கையால் முதியவரின் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலத் தொடங்கினேன்: எப்படி இருக்கிறீர்கள், என்ன சாப்பாடு, டொக்டர் என்ன சொன்னவர், எப்ப வாறியள். அண்ணை உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாக் கதை" என்றார், எனக்கே கேட்டும் கேட்காமலும். "மாமா இப்பதான் கண்ணயர்ந்தவர்."

அந்தக் குரல் என் அண்ணையிடம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. வேறு என்னவெல்லாமோ கேட்க இருந்தேன். கேட்கவில்லை. முதியவரின் மார்பு ஏறி இறங்குவதை இருவருமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.